தெருப்பக்கம் திறக்கும் கேட்

கேள்வி: ஐயா, வணக்கம். சேலத்தில் அஸ்தம்பட்டிக்கும் கோரிமேட்டுக்கும் நடுவே, ஏற்காடு ரோட்டில் இருந்து உள்ளே பிரியும் தெருவில் 31 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. தெருமுனையில் பூட்டிக் கிடந்த ஜவ்வரிசிக் குடோன் இடத்தில், சுமார் 2 ஏக்கர், ஷாப்பிங் மால் வரப்போகிறதாம். கீழே 2 தளம் பார்க்கிங், மேலே தரைத்தளமும் 4 மாடியும், 4 தியேட்டர் என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெரு 24 அடிதான். மழை பெய்தால் இப்போதே முட்டளவு தண்ணீர். ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு தாளில் வீடு வீடாகக் கையெழுத்து கேட்கிறார்கள். நாலு வீட்டில் போட்டுவிட்டார்கள். இடத்தின் விலை ஏறும் என்று சிலருக்குச் சந்தோஷம். என் வியாபாரம் போய்விடுமோ, சுவர் விரிசல் விடுமோ, ஆடிக்கு மாரியம்மனுக்குத் தெருவில் பொங்கல் வைக்க முடியாமல் போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? நோட்டீஸின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம் அம்மா.

நோட்டீஸை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஏற்காடு ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, அகலமான படிக்கட்டு, நீரூற்று. கார் உள்ளே போகும் வழி அங்கே இருக்கிறது. வெளியே வரும் வழி படத்தின் இடது ஓரத்தில், ஒரு மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து, உங்கள் தெருவில் திறக்கிறது. அதை ஒட்டினாற்போல் இன்னொரு கேட், சரக்கு லாரிக்கு. உங்கள் கவலைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேட்டில் இருந்துதான் வருகிறது. ஆகவே மால் வரலாமா கூடாதா என்ற சண்டையை விட, அதன் கேட் எந்தப் பக்கம் திறக்கிறது என்ற கேள்வியைத்தான் நீங்கள் கையில் எடுக்க வேண்டும் என்பேன்.

அதற்கு முன் அந்தக் கையெழுத்துத் தாள். எதற்கு ஆட்சேபணை இல்லை, எந்த வரைபடத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வரைபடத்தின் நகலைக் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்புங்கள். ஏற்கெனவே போட்ட நாலு வீட்டுக்காரர்கள் மேல் கோபப்பட வேண்டாம். ‘வரைபடம் காட்டப்படாமல் வாங்கிய கையெழுத்து, அதை எங்கள் சம்மதமாகக் கொள்ள வேண்டாம்’ என்று அவர்கள் தனியாக ஒரு கடிதம் மாநகராட்சிக்குக் கொடுக்கலாம். அவர்களும் உங்களோடு நிற்க வேண்டியவர்கள்தான். நிலத்தின் விலை ஏறும் என்று நம்புகிறவருக்குக்கூட, வாசலில் லாரி நின்றால் அந்த விலை ஏறாது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் தெருக்காரர்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்கும் கட்டாயம் நம் சட்டத்தில் பெரும்பாலும் இல்லை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டுமானத் திட்டங்களுக்கு அதிலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், நீங்களாகத்தான் போக வேண்டும். அதுவும் அனுமதி கையெழுத்தாகும் முன்பே. அதன்பிறகு கொடுக்கும் மனுவுக்கு ‘விதிப்படி அனுமதி வழங்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரிப் பதில்தான் வரும். அந்த வரியை, அனுமதிக் கோப்புகளைப் பார்க்கும் பணியில் இருந்தபோது நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நகரத்தின் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று ஒரு மண்டலத்தில் இருக்கும். குடோன் இருந்த இடம் தொழில் மண்டலத்தில் இருந்தால், மால் கட்டும் முன் நில உபயோக மாற்றம் வாங்கியாக வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். யார் கண்ணிலும் படாத மூலையில் வரும் அந்த அறிவிப்பு உங்களுக்குக் கிடைத்த முறையான வாசல். அதைத் தவற விடாதீர்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லி மண்டலம் என்ன என்று கேளுங்கள். வாயால் சொன்னதோடு நிற்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மண்டலம் என்ன, அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் மனையின் தள வரைபட நகல் ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள்.

நோட்டீஸில் ‘கடைகள் முன்பதிவு’ என்று போட்டிருக்கிறார்கள். விற்பனைக்கா, வாடகைக்கா என்று ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். விற்பனை என்றால், இந்த அளவுள்ள திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகும் முன் விளம்பரமே செய்யக் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய தாளில் பதிவு எண் எங்கும் இல்லை. வாடகைக்கு மட்டும் என்றால் இது பொருந்தாது.

இனி கேட். விதிகள் கட்டடத்தின் உயரத்தையும் பரப்பையும் மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தை வைத்துத்தான் கணக்கிடுகின்றன. வீட்டுக்கு ஒரு மாடி 10 அடி என்றால் மாலுக்கு 14, 15 அடி வரும். தரைத்தளமும் 4 மாடியும் சேர்ந்தால் 70 அடியைத் தாண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு, அதாவது 60 அடிக்கு, மேல் போனால் அது உயரக் கட்டடம். அதற்குத் தேவையான சாலை அகலத்தை இவர்கள் ஏற்காடு ரோட்டை வைத்துக் காட்டுவார்கள். ஆனால் உள்ளே போன வண்டி எல்லாம் வெளியே வருவது உங்கள் 24 அடித் தெருவில். அனுமதி கேட்க அகலமான சாலை, வண்டியை இறக்கிவிடக் குறுகிய தெரு. இந்த முரணைத்தான் அதிகாரியின் மேஜையில் வைக்க வேண்டும். உங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: உள்வழி, வெளிவழி, சரக்கு வழி மூன்றும் ஏற்காடு ரோட்டுப் பக்கம், மனைக்குள்ளேயே வண்டி வரிசை நிற்க இடம் விட்டு அமைய வேண்டும், தெருப்பக்கக் கேட் தீயணைப்பு வண்டிக்கு மட்டும், மற்ற நேரம் பூட்டியே இருக்க வேண்டும். இது கிடைத்துவிட்டால் ஆடிப் பொங்கலுக்கும் உங்கள் தெரு உங்களுடையதாகவே இருக்கும்.

24 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அளந்தது? பத்திரத்தில் இருப்பதா, தரையில் இருப்பதா? இரண்டும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பால் வண்டி வந்து போனதும், ஒரு முனையை உங்கள் பேரனிடம் பிடிக்கச் சொல்லி அளங்கள். துணி டேப் இழுத்தால் நீளும்; 30 மீட்டர் ஃபைபர் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். காம்பவுண்டுச் சுவரில் இருந்து எதிர்ச் சுவர் வரை ஓர் அளவு. இருபுறச் சாக்கடை, மின்கம்பம், வீட்டுப் படி, சாய்தளம் எல்லாம் போக வண்டி ஓடக் கிடைக்கும் அகலம் இன்னோர் அளவு. இதைத் தெருமுனையில், உங்கள் கடை வாசலில், தெருவின் கடைசியில் என்று மூன்று இடத்தில் எடுங்கள். டேப் தரையில் கிடக்க, எண் தெரியும்படி ஒரு படம். 24 அடித் தெருவில் ஓடக் கிடைப்பது 15, 16 அடியாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு பக்கம் ஒரு கார் நின்றால், எதிரெதிராக வரும் இரண்டு வண்டி அதில் கடக்க முடியாது. வரைபடத்தோடு இந்தப் படத்தை வைத்துப் பார்க்கிற எந்தப் பொறியாளருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது வண்டிக் கணக்கு. இந்த அளவுக் கட்டடத்துக்கு அவர்களும் ஒரு போக்குவரத்து ஆய்வு கொடுப்பார்கள். அதில் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். உங்கள் ரோடு ஏற்காட்டுக்குப் போகிற ரோடு. சனிக்கிழமை காலையில் மலை ஏறுகிற வண்டி எல்லாம் அஸ்தம்பட்டியைத் தாண்டி உங்கள் தெருமுனை வழியாகத்தான் அடிவாரம் போகிறது. ஞாயிறு மாலை அதே வண்டிகள் இறங்கி வருகின்றன. மே மாதம் கோடை விழா நாட்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாலுக்கும் கூட்டம் வருவது அதே சனி, ஞாயிறு மாலையில்தான். செவ்வாய்க்கிழமை மதியம் எண்ணிவிட்டு ‘சாலை தாங்கும்’ என்று எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. நீங்களே எண்ணுங்கள். இரண்டு பேர், ஒரு நோட்டு. சனி மாலை 5 முதல் 8 வரை ஒரு தடவை, ஞாயிறு அதே நேரம் ஒரு தடவை. பஸ், கார், இருசக்கரம், ஆட்டோ என்று கட்டம் போட்டு, நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாக, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டி எழுதுங்கள். வேலை நாளில் ஒரு தடவை, கோரிமேடு மகளிர் கல்லூரி விடும் நேரத்திலும் எண்ணுங்கள். பஸ்ஸுக்கு நிற்கிற அந்தப் பெண்கள் எந்த ஆய்வின் கட்டத்திலும் வர மாட்டார்கள். எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் எழுதியதை விட நிலைமை கனமானது என்று நினைக்கிறேன். உங்கள் பகுதி மலையடிவாரச் சரிவு. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை மூக்கனேரிக்கு வரும் சரிவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். குடோன் இடம் இத்தனை வருடம் மண்தரையாகக் கிடந்து, பாதி மழையைக் குடித்துக்கொண்டிருந்தது. அது முழுக்கக் கான்கிரீட் ஆனால், அந்த மழையும் உங்கள் தெருச் சாக்கடைக்குத்தான் வரும். மழைநீர் சேகரிப்புக் கிணறு வரைபடத்தில் இருக்கும், கட்டாயம் என்பதால். உங்கள் கேள்வி, அது நிரம்பிய பிறகு வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்பது. அந்த வடிகால் ஏற்காடு ரோட்டின் பெரிய வடிகாலோடு சேர வேண்டும், தெருச் சாக்கடையோடு அல்ல. அடுத்த மழையில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஐந்து வீட்டுச் சுவரில் ஐந்து கோடு இருந்தால் போதும்.

சுவர் விரிசலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2 தளம் கீழே தோண்டுவது என்றால் 25 அடியாவது போக வேண்டும். சேலத்து நிலத்தில் அத்தனை ஆழத்தில் பாறை தட்டும். பாறையை உடைக்க வெடி வைப்பார்களா, இயந்திரத்தால் பிளப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வெடி கூடாது என்று நிபந்தனை கேளுங்கள். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்து எங்கே விடுவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகள், மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள் அதிர்ச்சியைத் தாங்காது. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் இப்போது இருக்கிற விரிசல்களைப் படமெடுங்கள். பெரிய விரிசலின் குறுக்கே விரல் அகலத்துக்குச் சிமெண்ட் பாலைப் பட்டையாகப் பூசி, அதன்மேல் தேதி எழுதுங்கள். விரிசல் வளர்ந்தால் முதலில் அந்தப் பட்டைதான் உடையும். ‘அது முன்பே இருந்தது’ என்று பிறகு யாரும் வாதிட முடியாது.

கட்டடத்தின் அளவைப் பற்றி ஒரு நுணுக்கம். 2 ஏக்கர் என்றால் 8,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல் 2 மடங்கு தளப்பரப்பு, உயரக் கட்டடத்துக்குச் சாலை அகலத்தைப் பொறுத்து அடிப்படையாக 3.25 மடங்கு வரை போகலாம். அந்தக் கணக்கில் பார்க்கிங் தளங்கள் சேராது. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதிக்கான 20,000 சதுர மீட்டர் கணக்கில் கீழ்த்தளமும் சேர்ந்து எல்லாத் தளமும் வரும். இரண்டு கணக்கையும் குழப்பி, ‘நாங்கள் 20,000க்குள்தான்’ என்று சொல்வது நடக்கும். உங்கள் நோட்டீஸில் உள்ள படத்தைப் பார்த்தால் இது அந்த எல்லையைத் தாண்டும் என்றே தோன்றுகிறது. தாண்டினால் விண்ணப்பமும் அதன் ஆவணங்களும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். எங்கிருந்து எவ்வளவு தண்ணீர், எத்தனை வண்டி, எவ்வளவு குப்பை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தது அப்படியே அங்கே இருக்கும். அனுமதி வந்துவிட்டால் அதை எதிர்த்துச் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை பொறுப்பார்கள்.

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் நிலமாகக் கொடுக்காமல் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடவும் வழி உண்டு. பணம் கட்டினால் உங்கள் தெருவுக்கு ஒன்றும் வராது. நிலமாகவே வேண்டும் என்று கேளுங்கள். சுமார் 800 சதுர மீட்டர், தெருப்பக்கம் ஒரு பூங்காவாக அமைந்தால், மாலுக்கும் வீடுகளுக்கும் நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கும். எனக்கு இதில் தனி ஆசை உண்டு; பணமாகப் போன இடங்களை அதிகம் பார்த்துவிட்டேன்.

சத்தத்துக்கு விதி இருக்கிறது: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. ஜெனரேட்டரும் குளிர்சாதன இயந்திரமும் தெருப்பக்கச் சுவரை ஒட்டி வைக்கப்படாமல் இருந்தாலே பாதி தீரும். தியேட்டருக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் தனியாக வேண்டும்; அங்கேயும் உங்கள் மனுவின் நகல் போகட்டும்.

உங்கள் கடை. இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ‘என் வியாபாரம் போய்விடும்’ என்பது திட்ட அனுமதியை மறுக்கச் சட்டத்தில் காரணம் ஆகாது. மனுவில் அதை எழுதினால், ‘போட்டிக்காக எதிர்க்கிறார்’ என்று மற்ற எல்லா வரியையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே அதை விட்டுவிடுங்கள். நான் பார்த்தவரையில், மால் எடுத்துக்கொண்டு போவது மாதச் சாமான் லிஸ்ட் எழுதி வருகிறவர்களை. காலையில் 10 ரூபாய்க்குக் கொத்தமல்லி, கறிவேப்பிலை, திடீரென்று அரை கிலோ ரவை, மாசக் கடைசியில் கணக்கு நோட்டு என்று வருகிறவர்கள் மாலுக்குப் போவதில்லை. ஆனால் மாலில் 30 ரூபாய் பார்க்கிங் கொடுக்க மனமில்லாதவர்கள் உங்கள் கடை வாசலில் வரிசையாக பைக் நிறுத்திவிட்டுப் போனால், அந்த வாடிக்கையாளர்களும் உங்கள் படியை மிதிக்க முடியாது. உங்கள் பிழைப்புக்கு உண்மையான ஆபத்து அதுதான். அதற்கு ஆட்சேபணை சொல்லச் சட்டத்தில் முழு இடம் இருக்கிறது. தெருமுனையில் சாயங்காலம் தட்டுவடை செட் போடுகிறவரையும் பூக்காரம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்த முடியாது. அவர்களிடம் சாலையோரம் வியாபாரம் செய்ய மாநகராட்சி கொடுக்கும் விற்பனைச் சான்று இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

பார்க்கிங்கைப் பற்றி நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு வேறொரு ஊரில் ஒரு வணிக வளாகத்தின் கோப்பு என் மேஜைக்கு வந்தது. கீழ்த்தளம் முழுக்க வாகன நிறுத்தம், வரைபடம் சுத்தமாக இருந்தது. நானும் பரிந்துரைத்தேன். திறந்து ஆறு மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். கீழ்த்தளத்தில் பாதி துணிக் குடோன், பாதியில் ஷட்டர் போட்ட கடைகள். வண்டிகள் எல்லாம் எதிரில் இருந்த பள்ளிக்கூடத் தெருவில். மனு கொடுத்துக்கொண்டே இருந்த அந்தத் தெருக்காரர்கள் யாரிடமும் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் இல்லை. என்ன மாறியது என்று காட்ட அவர்களால் முடியவில்லை. அன்று நான் நிபந்தனையாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன், அனுமதி வந்த பிறகும் வேலை முடிவதில்லை. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கி ஃபிரேம் போட்டாவது கடையில் மாட்டி வையுங்கள். இந்த அளவுக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கொடுக்கக் கூடாது. கேட், பார்க்கிங், வடிகால் மூன்றும் வரைபடத்தில் உள்ளபடி இல்லை என்றால், அந்தச் சான்று கொடுக்கும் முன் நீங்கள் எழுத வேண்டும். கடையைத் திறந்து ரிப்பன் வெட்டிய பிறகு மூட வைப்பது மிகவும் கஷ்டம்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ‘எங்கள் வாழ்வாதாரம்’, ‘கண்ணீரோடு’ என்ற சொற்கள் இல்லாமல் இப்படித் தொடங்குங்கள்: ‘இத்தெருவின் அகலம் சுவருக்குச் சுவர் இத்தனை மீட்டர், வண்டி ஓடக் கிடைப்பது இத்தனை மீட்டர். இன்ன தேதி சனிக்கிழமை மாலை 5 முதல் 8 வரை தெருமுனையை இத்தனை வாகனங்கள் கடந்தன. மேற்படி மனையின் வெளிவழியும் சரக்கு வழியும் இத்தெருவில் அமைந்தால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எங்கள் வீடுகளை அடைய இயலாது. ஆகவே கீழ்க்கண்ட நிபந்தனைகளை அனுமதியில் சேர்க்க வேண்டுகிறோம்.’ அதன் கீழே கேட், பார்க்கிங், வடிகால், பாறை உடைப்பு, திறந்தவெளி நிலம். மாநகராட்சி ஆணையர், நகர் ஊரமைப்பு அலுவலகம், போக்குவரத்துக் காவல் துறை மூன்றுக்கும் தனித்தனியாக முகவரி போட்டுக் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒன்று. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் சொல்லி, பகுதி சபாக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் பதிய வையுங்கள். எங்கே கொடுத்தாலும் தபால் பிரிவில் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். நேரில் போக முடியாத இடத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தகவல் உரிமை மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள். அதன் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் அளவும் கணக்கும் முடிந்துவிடும். மூன்று இடத்து அகலத்தையும் வண்டிக் கணக்குத் தாளையும் நகலெடுத்து எனக்கும் அனுப்புங்கள். நிபந்தனைகளின் வாசகத்தை அந்த எண்களைப் பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன்.